கொல்லிமலை ஏற்றத்தில் மினுக்கிய இன்ஜின் விளக்கு: 35,000 ரூபாய் கொடுக்கும் முன்

நாமக்கல்லிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியது, சுருக்கமாக:

"2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நான்கு சிலிண்டர், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நானேதான் ஓட்டுகிறேன். போன மாதம் வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்து, அதே வாரம் குடும்பத்தோடு கொல்லிமலை ஏறினோம். பாதி ஏற்றத்தில் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது, மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு மினுக்கிக்கொண்டே வந்தது. மேலே சமதளம் வந்ததும் மினுக்கல் நின்று, விளக்கு அப்படியே எரிந்தது. தெரிந்த மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியதும் அணைந்தது, மூன்றாம் நாள் மறுபடி வந்துவிட்டது. வேறொரு ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டு பி0303, பி0420 என்று எழுதிக் கொடுத்து, ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் மாற்ற வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வீட்டுக்காரரோ, 'எல்லாம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் செய்கிற வேலை, வண்டி ஓடுகிறது, புகைச் சான்றிதழும் இருக்கிறது, விடு' என்கிறார். அடுத்த வாரம் திருச்செந்தூர் போக வேண்டும், போகலாமா? அப்புறம், தம்பி ஒரு பழைய டீசல் கார் பார்த்து வைத்திருக்கிறான். இந்த விளக்கு விஷயத்தில் அவன் என்ன கவனிக்க வேண்டும்?"

வணக்கம் டீச்சர். திருச்செந்தூர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வண்டி இப்போது இருக்கிற நிலையில் போகாதீர்கள். அதற்காக 35,000 ரூபாயும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. கை தேர்ந்த மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை, பெரும்பாலும் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும், அதைச் செய்துவிட்டுத் தாராளமாக முருகனைப் பார்த்துவிட்டு வரலாம்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. வாட்டர் சர்வீஸ், ஏற்றம், மினுக்கல், பி0303. இந்த நாலையும் சேர்த்துக் கேட்ட ஒரு மெக்கானிக்குக்கு முதலில் கன்வர்ட்டர் (புகையில் உள்ள நச்சு வாயுக்களை மாற்றுகிற பெட்டி) நினைவுக்கு வரக்கூடாது, மூன்றாவது சிலிண்டரில் பொறி போடுகிற பிளக்கும் அதற்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கிற காயிலும்தான் வர வேண்டும்.

பி0303 என்ற கோடைப் படிக்கிற விதம் எளிது. பி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் பகுதி. அடுத்து வரும் பூஜ்யம், எல்லாக் கம்பெனி வண்டிக்கும் ஒரே அர்த்தமுள்ள பொதுக் கோட் என்பதற்கு (அந்த இடத்தில் 1 இருந்தால் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கோட், இணையத்தில் தேடிப் பார்த்துக் குழம்ப வேண்டாம்). 3 என்றால் இக்னிஷன், மிஸ்ஃபயர் (சிலிண்டர் எரியாமல் தவறுவது) வகை. கடைசியில் உள்ள 03 மூன்றாவது சிலிண்டர். ஆக, மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, அவ்வளவுதான் அந்தக் கோட் சொல்வது. எதை மாற்ற வேண்டும் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வண்டியின் கம்ப்யூட்டர், அதாவது ஈசிஎம், இதைக் கண்டுபிடிப்பதே ஒரு சுற்றுவழியில்தான். இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஒரு சின்ன உந்தல் வாங்கும், அந்த உந்தல் வர வேண்டிய நேரத்தில் வராமல் சக்கரம் ஒரு கணம் சுணங்கினால், அது யாருடைய முறை என்று பார்த்து ஈசிஎம் எழுதி வைத்துக்கொள்ளும். சுணங்கியதற்குக் காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷன் போய்விட்டதா என்று அதற்குத் தெரியாது. ஸ்கேனர் திரையில் வந்ததை அப்படியே ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியலாக மாற்றிக் கொடுக்கிற ஒர்க்ஷாப்புகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஸ்கேன் என்பது வேலையின் ஆரம்பம், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது மினுக்கலுக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி ஓட்டத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை என்றால், நிதானமாக ஓட்டிக்கொண்டு போய் இரண்டு மூன்று நாளில் காட்டினால் போதும். மினுக்கினால் கதை வேறு. எரியாத பெட்ரோல் சிலிண்டரிலிருந்து அப்படியே வெளியேறி, சூடாக இருக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். கன்வர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரி நுண்ணிய ஓட்டைகள் உள்ள பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். உள்ளேயே பெட்ரோல் எரிந்தால் அந்தப் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும், அப்போதுதான் உண்மையிலேயே உங்களுக்கு 35,000 ரூபாய் செலவு வரும். இன்னொன்று, கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும்போது வண்டியைக் காய்ந்த புல்மேலோ, நம் பக்கம் ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்களே கொள்ளுச் செடி, அதன்மேலோ நிறுத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து நிஜமானது. அதனால் இனி எப்போதாவது மினுக்கினால் உடனே ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள், ஏசியை அணையுங்கள், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, தெரியும். அகலமான இடம் வரும்வரை மெதுவாக ஏற்றுங்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று மிதித்து ஏற்றாதீர்கள்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் வந்தது? இங்கேதான் பல மெக்கானிக்குகள் ஏமாறுகிறார்கள். வண்டியை ஷெட்டில் நிறுத்தி ஐடிலிங்கில் ஓடவிட்டு, "நல்லாத்தானே ஓடுது மேடம்" என்பார்கள். ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் காற்று குறைவு, அழுத்தம் குறைவு, பிளக்கில் பொறி சுலபமாகத் தாவும். ஆள் ஏற்றி, ஏசி போட்டு, இரண்டாவது கியரில் மலை ஏறும்போது உள்ளே அழுத்தம் பல மடங்கு, அதே பொறி தாவ இன்னும் அதிக வோல்ட்டேஜ் வேண்டும். காயிலிலிருந்து பிளக்கின்மேல் போர்த்தி உட்காரும் ரப்பர் உறையில், அதாவது பூட்டில், ஒரு மயிரிழை விரிசலோ ஈரமோ இருந்தால், மின்சாரம் கஷ்டமான வழியை விட்டுவிட்டு அந்த விரிசல் வழியாக இன்ஜின் உடம்புக்குள் இறங்கிவிடும், பிளக்கில் பொறி வராது.

வாட்டர் சர்வீஸில் பானெட்டைத் திறந்து இன்ஜின்மேல் பிரஷர் பம்ப் அடிப்பது நம்மூரில் ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது. கேட்காமலே அடிப்பார்கள், பளபளவென்று இருக்கும். அந்தத் தண்ணீர் பிளக் உட்கார்ந்திருக்கிற குழிக்குள் இறங்கித் தேங்கினால் தானாக வெளியேற வழி கிடையாது. இன்ஜின் சூட்டில் நாளடைவில் காய்ந்தாலும், அதற்குள் காயிலின் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான், இதை மெக்கானிக்கிடம் அப்படியே காட்டலாம். இன்ஜின் நன்றாக ஆறியபின், மூன்றாவது சிலிண்டரின் காயிலை (பெரும்பாலான வண்டிகளில் பெல்ட், புல்லி இருக்கிற பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்) கனெக்டரைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, லேசாகத் திருகி மேலே உருவச் சொல்லுங்கள். உருவும்போதே பாதிக் கதை தெரிந்துவிடும். பூட்டின் நுனியில் துரு, ரப்பரில் மெல்லிய வெள்ளைக் கோடு, பிளக்கின் பீங்கானில் பென்சிலால் கிழித்த மாதிரி கறுப்புக் கோடு, இதில் ஏதாவது இருந்தால் மின்சாரம் வழி தவறிப் போன தடம் அது. பிறகு குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் இருக்கலாம், ஆயில் இருக்கலாம். ஆயில் இருந்தால் மேல்மூடியின் சீல் கசிகிறது, அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுக் காயிலும் கெடும். எது இருந்தாலும் பிளக்கைக் கழற்றும் முன் கம்ப்ரஸர் காற்றடித்துக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும், இது முக்கியம். அப்படிச் செய்யாமல் கழற்றினால் மண்ணும் துருவும் நேராக சிலிண்டருக்குள் விழும்.

தடம் எதுவும் தெரியவில்லையா? மூன்றாவது காயிலை முதலாவதிலும், முதலாவதை மூன்றாவதிலும் மாற்றி மாட்டுங்கள். ஸ்கேனரில் பழைய கோட் பதிவை அழித்துவிட்டு, ஆள் ஏற்றி ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0301 வந்தால் குற்றவாளி காயில், வழக்கு முடிந்தது. மறுபடி பி0303தான் வந்தால் காயில் நிரபராதி, அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள், அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன். காசு செலவில்லாத சோதனை இது, அரை மணி நேரப் பொறுமைதான் வேண்டும். ஆனால் பலர் செய்வதில்லை, ஏனென்றால் அந்த அரை மணி நேரத்துக்கு பில் போட முடியாது. நீங்களே "செக்கிங் கூலி கொடுத்துவிடுகிறேன், முதலில் காயிலை மாற்றிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். 68,000 கிலோமீட்டருக்குப் பழைய பிளக்குகளே இருந்தால், சாதாரண நிக்கல் பிளக் என்றால், நாலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அவை 30,000, 40,000 கிலோமீட்டருக்கு மேல் தாங்குவதில்லை, விலையும் பெரிதில்லை.

சரி, பி0420. கன்வர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று ஈசிஎம் சந்தேகப்படுகிறது. கன்வர்ட்டருக்கு முன்னால், புகையில் மிச்சமிருக்கிற ஆக்சிஜனை அளக்கும் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. முன்னது ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும், கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னது பெரிதாக ஆடாது. பின்னதும் முன்னது மாதிரியே ஆட ஆரம்பித்தால் இந்தக் கோட் விழும். ஒரு சிலிண்டர் எரியாமல் காற்றையும் பெட்ரோலையும் அப்படியே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் தப்பிப் போவது சகஜம். அதனால் மிஸ்ஃபயரைச் சரிசெய்து, கோடை அழித்து, ஒன்றிரண்டு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பி0420 திரும்பி வராமலே போகலாம். வந்தால், சைலன்சர் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேனரில் இரண்டு சென்சாரின் லைவ் டேட்டாவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கன்வர்ட்டர் பேச்சே எடுக்க வேண்டும். மிஸ்ஃபயரை விட்டுவிட்டுப் புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதையும் கொல்லிமலையே தின்றுவிடும்.

ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னதற்கு எனக்குக் காரணமே புரியவில்லை. சென்சாரே கெட்டிருந்தால் பெரும்பாலும் பி0130இலிருந்து பி0141 வரை உள்ள ஒரு கோட் வந்திருக்கும், உங்களுக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் அப்படி எதுவும் இல்லை. என்றைக்காவது கன்வர்ட்டர் மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால், பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற உலோகத்துக்காகப் பழைய கன்வர்ட்டருக்கு நல்ல ஸ்கிராப் விலை உண்டு, சும்மா விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பேட்டரி வயரைக் கழற்றியது சிகிச்சை இல்லை. விளக்கு மூன்றாம் நாள் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான பழுதுகளை ஈசிஎம் ஒரே தடவை பார்த்ததும் விளக்கைப் போடாது, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே பழுதைக் கண்டால்தான் போடும். அதனால் அழித்ததும் இரண்டு மூன்று நாள் சும்மா இருப்பது மாதிரித் தெரியும். கெட்டது என்னவென்றால், வயரைக் கழற்றும்போது கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிந்துபோகும். பழுது பதிவான நொடியில் வண்டி என்ன வேகம், எத்தனை ஆர்பிஎம், இன்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்று ஈசிஎம் எடுத்து வைக்கிற குறிப்பு அது, மெக்கானிக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இனி யார் ஸ்கேன் செய்தாலும் அழிக்கும் முன் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு ஒரு பதில். இ20 மேல் அவருக்குள்ள கோபம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் இந்தப் பழுதில் அது குற்றவாளி இல்லை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டிய இடத்தில் இ20க்கு ஏறக்குறைய 13.5 போதும். ஈசிஎம் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கூட்டிக் கூட்டி எல்லையைத் தாண்டினால், கலவையில் எரிபொருள் போதவில்லை என்று சொல்லும் பி0171 வரும். எரிபொருள் மோசம் என்றால் நாலு சிலிண்டரும்தானே குடிக்கிறது? மூன்றாவது மட்டும் மிஸ்ஸிங் அடிக்க வேண்டிய காரணமில்லை, எல்லாம் கலந்து அடித்து, ஒரு குறிப்பிட்ட சிலிண்டரைச் சொல்லாத பி0300 வரும். புகைச் சான்றிதழும் இங்கே சமாதானம் ஆகாது. அந்தச் சோதனை நடப்பது வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, உங்கள் வண்டி கெடுவது மலை ஏறும்போது.

இந்த மஞ்சள் விளக்கு பிறந்ததே புகைக்காகத்தான். கலிஃபோர்னியாவில் 1988 மாடல் வண்டிகளிலிருந்து கட்டாயமாக்கினார்கள், 1996இல் அமெரிக்கா முழுக்க, வண்டி தன் பழுதைத் தானே கண்டுபிடித்துப் பதிவு செய்கிற இப்போதுள்ள ஓபிடி-2 முறை வந்தது, இந்தியாவில் 2010இல் தொடங்கி 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கட்டாயமானது. இன்ஜினைக் காப்பாற்றுவது அதன் முதல் வேலை இல்லை. ஆயில் அழுத்தம் சுத்தமாகப் போய்விட்டாலும் மஞ்சள் விளக்கு பேசாமல் இருக்கக்கூடும், அதற்குத் தனியாகச் சிவப்பில் எண்ணெய்க் குவளை விளக்கு இருக்கிறது. அது ஓட்டத்தில் எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது, அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும். சிவப்பு டெம்பரேச்சர் விளக்கும் அப்படித்தான், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. சிவப்பு பேட்டரி விளக்கு என்றால் சார்ஜ் ஏறவில்லை, ஏசி, ஆடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பக்கத்து ஊர் வரை போகலாம், ஆனால் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டே போங்கள், சில வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது.

இணையத்தில் "பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கி மூடுங்கள், விளக்கு அணைந்துவிடும்" என்று படித்திருப்பீர்கள். அது அமெரிக்க வண்டிகளுக்கான யோசனை. அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நம்மூர் வண்டிகள் ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவை, மூடி தளர்ந்ததற்காகப் பெரும்பாலும் விளக்கு எரியாது.

திருச்செந்தூர் போக 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், பெரும்பாலும் நாலுவழிச் சாலைதான். காயில் வேலை முடிந்ததும் உள்ளூரில் இரண்டு நாள் ஓட்டுங்கள், பிறகு நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, பக்கத்தில் ஒரு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள். வெட்டாமல் இழுத்தால் கிளம்பலாம். பி0420க்காக மட்டும் விளக்கு நிலையாக எரிந்தால் அதோடு போய்வருவதில் ஆபத்தில்லை. வழியில் மினுக்கினால் மட்டும் நிறுத்துங்கள். முடிந்தால் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரம் ரூபாய் பக்கம்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் படும் இடத்தில் 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும், அதில் செருகிப் போனிலேயே கோட் பார்க்கலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் சிலது பேட்டரியைக் குடிக்கும்.

தம்பிக்கு: இன்ஜின் ஆறிய வண்டியைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யச் சொல்லுங்கள். மஞ்சள் இன்ஜின் விளக்கு அப்போது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது மறைத்திருக்கிறார்கள். பேட்டரி விளக்கும் அதுவும் அச்சாக ஒரே நொடியில் அணைந்தாலும் சந்தேகப்படலாம், இரண்டையும் ஒரே வயரில் இணைத்துவிடுகிற கில்லாடிகள் இருக்கிறார்கள். டீசலில் ஸ்பிரிங் வடிவத்தில் இன்னொரு மஞ்சள் விளக்கு உண்டு, அது ஹீட்டர் பிளக்குக்கு, சில நொடியில் அணைந்துவிடும். ஓட்டும்போது அது மினுக்கினால் பல வண்டிகளில் பழுது என்று அர்த்தம். ஈஜிஆரை (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) அடைத்து, விளக்கு வராதபடி சாஃப்ட்வேரை மாற்றியிருக்கிறார்களா என்று நேராகவே கேளுங்கள், பழைய டீசல்களில் இது சாதாரணமாக நடக்கிறது. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் என்றால் டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், இருக்கும், தினம் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது அடைத்து அடைத்து விளக்குப் போடும், தம்பியின் ஓட்டம் அப்படித்தான் என்றால் டீசலே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட, ஸ்கேனரில் ரெடினஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டுவது அது, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கோட் ஒன்றுமே இல்லை, ஆனால் சோதனைகள் பலவும் "முடியவில்லை" என்று காட்டினால், யாரோ சமீபத்தில்தான் கோடை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். "புது பேட்டரி போட்டேன்" என்பார் விற்பவர், உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அவரையே ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டச் சொல்லுங்கள், பிறகு மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டு விலை பேசலாம். அதற்கு ஒத்துவராதவரிடம் தம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.